பத்து நிமிடம் எட்டு நொடி

அக்காவுக்கு நான்காவது கீமோ ஏறிக்கொண்டிருந்தபோதுதான் ஸபீன் ஷ்மிட்ஸ் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார். 2019. மருந்து முழுக்க இறங்க மதியம் ஆகிவிடும். பொழுதுபோக நான் போனில் எதையாவது போட்டுக் காட்டுவேன். சமையல் வீடியோ என்றாலே அக்காவுக்குக் குமட்டும். அன்று எப்படியோ பிபிசியின் 'டாப் கியர்' நிகழ்ச்சியில் ஒரு பழைய துண்டு கண்ணில் பட்டது. ஒரு பெண் சரக்கு வேன் ஓட்டுகிறாள் என்றதும் அக்கா தலையணையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அக்காவும் வேன்காரிதான். திருப்பூரில் அவளுடைய சின்ன பனியன் யூனிட்டுக்குப் பீஸ் மூட்டை ஏற்றி இறக்க ஒரு மாருதி ஆம்னி வைத்திருந்தாள். பதினெட்டு வருடம் அவளேதான் ஓட்டினாள்.

ஜெர்மனியின் ஐஃபல் மலைக்காட்டுக்குள் நூர்பர்க்ரிங் என்று ஒரு பந்தயப் பாதை இருக்கிறது. 1927-ல் திறந்தது. அதன் வடக்குச் சுற்று மட்டும் 20.8 கிலோமீட்டர், ஏற்றம், இறக்கம், கண்ணுக்குத் தெரியாத வளைவுகள். 'பச்சை நரகம்' என்று அதற்குப் பெயரே உண்டு. அப்போது நிகழ்ச்சியை நடத்திய ஜெரமி கிளார்க்சன் ஒரு டீசல் ஜாகுவாரில் முட்டி மோதி 9 நிமிடம் 59 நொடியில் சுற்றை முடித்தார். இந்த நேரத்தை நான் வேனிலேயே எடுத்துவிடுவேன் என்றார் ஸபீன். அதே ஜாகுவாரை வாங்கி 9 நிமிடம் 12 நொடியில் கொண்டுவந்தும் காட்டினார். பிறகு 2005-ல் நிஜமாகவே ஒரு ஃபோர்டு டிரான்சிட் வேனை எடுத்துக்கொண்டு போனார். பைக்குகளையும் கார்களையும் முந்திக்கொண்டு அந்த வேன் போவதைப் பார்த்து, டிரிப்ஸ் ஏறும் கை ஆட, அக்கா சிரித்தாள். பத்து நிமிடத்துக்குள் வரவில்லை. 10 நிமிடம் 8 நொடி.

"எட்டு செகண்டுதானே, லோடு இல்லாததால வண்டி ஆடியிருக்கும்" என்றாள் அக்கா. அவளுக்கு ஆம்னி நினைப்பு.

அன்றிரவு உட்கார்ந்து ஸபீனைப் பற்றித் தேடிப் படித்தேன். 1969-ல் பிறந்தவர். வீட்டாருக்கு நூர்பர்க்கில் ஓட்டல்; பந்தயக்காரர்கள் வந்து சாப்பிட்டுப் போகும் இடம். படித்ததும் ஓட்டல் தொழில்தான். ஒயின் வகைகளைச் சொல்லிப் பரிமாறவும் பயிற்சி எடுத்திருக்கிறார். வீட்டில் மூன்று பெண்களும் பந்தயம் ஓட்டத் தொடங்க, தொடர்ந்தது இவர் மட்டும். அங்கே நடக்கும் நீண்டதூரப் பந்தயத் தொடரில் தொழில்முறை ஓட்டுநர்களோடு, வாரம் முழுக்க வேறு வேலை பார்க்கிற அமெச்சூர்களும் ஒரே கோட்டில் நிற்பார்கள். அந்தக் களத்திலிருந்து வந்தவர், 1996-லும் 1997-லும் நூர்பர்க்ரிங்கின் 24 மணிநேரப் பந்தயத்தை வென்ற அணியில் இருந்தார். அதை வென்ற முதல் பெண் அவர்தான். காசு கொடுத்தவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சுற்றிக்காட்டும் பிஎம்டபிள்யூ 'ரிங் டாக்சி'யையும் பல வருடம் ஓட்டினார். மொத்தம் 20,000 சுற்றுக்கு மேல் இருக்கும் என்பது அவர் சொன்ன கணக்கு.

இவ்வளவும் செய்தவரை உலகம் அறிந்துகொண்டது ஒரு ஆணைக் கிண்டல் செய்த வேன்காரியாக. எனக்கு அதில் வருத்தம்தான். அக்காவுக்கு இல்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு இடது மார்பையும் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தார்கள். அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது என்றார் டாக்டர். வண்டி ஓட்டுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கியர் போடுவது இடது கைதானே என்று நாங்களே முடிவு செய்தோம். கீமோ நாட்களில் அவளுக்குத் தலை சுற்றும், அப்போது ஓட்ட வேண்டாம் என்றது சரிதான். ஆனால் ஆறு கீமோவும் முடிந்து, முடி முளைத்து, அவள் மெஷின் முன்னால் உட்கார ஆரம்பித்த பிறகும் ஆம்னி சாவி என்னிடமே இருந்தது. ஒளித்துவைத்தது நான். யூனிட்டில் கேட்டவர்களிடம் "அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி" என்று சொன்னதும் நான்தான். மார்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளைக் கேட்டேனா? இல்லை.

2020 ஜூலையில் அந்தச் செய்தி வந்தது. அந்த வருடப் பந்தயங்களில் தன்னை ஏன் காணவில்லை என்று ஸபீனே ரசிகர்களுக்கு எழுதியிருந்தார். 2017 கடைசியிலிருந்து புற்றுநோய். சிகிச்சையில் கொஞ்சம் தேறி, இப்போது முழு வேகத்தோடு திரும்பிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மருத்துவமனைக் கட்டிலில் அக்கா அவரைப் பார்த்துச் சிரித்த அன்று, அவருக்கும் அதே நோய்தான்.

அக்காவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எப்பச் சொல்லணும்னு அவளே பாத்துச் சொல்லியிருக்கா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

2021 மார்ச் 16-ல் ஸபீன் இறந்தார். வயது 51. நோயோடு போராடித் தோற்றார் என்று எழுதினார்கள். நோய்ப்பட்டவள் போட்டியில் இறங்கினாள், சரியாக ஓடவில்லை, அதனால் தோற்றாள் என்பதுபோல ஒலிக்கும் இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு ஆத்திரம் உண்டு. மூன்று வருடத்துக்கு மேல் அதோடு வாழ்ந்த ஒருத்தியை அது ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. அந்த ஆண்டே நூர்பர்க்ரிங்கில் ஒரு வளைவுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

செய்தி வந்த அன்று சாயங்காலம் அக்கா அடுக்களைக்குள் போனாள். மேல்தட்டிலிருந்த கொள்ளு டப்பாவை எடுத்தாள். வலது கையால்தான். மூடியைத் திறந்து, கொள்ளுக்குள் விரலைவிட்டுச் சாவியை எடுத்துப் புடவையில் துடைத்தாள்.

"எப்பத்திலிருந்து தெரியும்க்கா?"

"வெச்ச அன்னிக்கே. நீயாக் குடுப்பேன்னு பாத்தேன்."

ஆம்னி நான்கு முறை இருமிவிட்டுத்தான் கிளம்பியது. அவிநாசி வரை போய் வந்தோம். கியர் மாற்றும்போது ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். "ரோட்டைப் பாரு புள்ள" என்றாள்.