வள்ளத்தின் வயிற்றில் ஓர் ஆழமானி

பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகருக்குச் செல்வோர் இருமருங்கும் காண்பது ஆழங்குறைந்த கடல். அதன் அமைதியை நாம் வியந்தபோது, எம்மை அழைத்துச் சென்ற சம்மாட்டியார் நகைத்தார்.

"தம்பிமார், ஆழக்கடலுக்கு நாங்கள் பயப்பிடுறேல்லை, இந்த ஆழமில்லாத் தண்ணிக்குத்தான் பயம்."

இருளில் மணற்றிட்டில் ஏறி, இயந்திரத்தின் விசிறி முறிந்தால் வள்ளம் காற்றின் வசம். முன்னோர் மரக்கோல் ஊன்றியும், ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கியும் பாகக் கணக்கில் ஆழமறிந்தனர். சம்மாட்டியாரின் மகனோ எதிரொலி ஆழமானி ஒன்றை வாங்கி வந்திருந்தான். அதன் ஒலியுணரியை எங்கே பொருத்துவது என்பதே வழக்கு.

"வயித்திலை ஓட்டை போட விடமாட்டன்" என்றார் தந்தை. நாள்தோறும் மணலில் இழுத்தேற்றும் வள்ளத்தின் அடியில் எதை மாட்டினாலும் தேய்ந்துபோகும் என்பதும் உண்மையே.

ஆனால் அது கண்ணாடியிழை வள்ளம். நோர்வே நாட்டார் துணையுடன் 1967இல் காரைநகரில் தோன்றிய சீநோர் நிறுவனம் அத்தகைய படகுகளைக் கட்டியது. இன்று மரவள்ளங்களைக் காண்பதே அரிது. திண்ணிய கண்ணாடியிழையை ஒலி ஊடுருவும். ஆதலின் ஓட்டையின்றி, உட்புறத்திலேயே ஒலியுணரியை ஒட்டிவிடலாம். காற்றுத்தான் பகை: நுரை வைத்துக் கட்டிய இடமும், பசையில் தங்கும் சிறு குமிழியும் ஒலியை மறித்துவிடும்.

பின்புறம், ஏராவை அடுத்து, எப்போதும் நீருள் அமிழ்ந்திருக்கும் இடத்தில் வர்ணத்தைச் சுரண்டி, எப்பொக்சிப் பசையிட்டு ஒட்டினான் மகன். அவசரத்தில் பசையை அடித்துக் கலக்கியிருந்தான். மறுநாள் வள்ளத்தை மிதக்கவிட்டபோது பெட்டியில் இலக்கமே தோன்றவில்லை. தந்தை ஒன்றும் பேசவில்லை. அதுவே மகனுக்குப் பெருந்தண்டனையாயிற்று.

பெயர்த்தெடுத்து, இம்முறை முதலில் அடித்தளத்தில் சிறிது நீரூற்றி, அதில் உணரியை வைத்துப் பார்த்தான். இலக்கம் தோன்றியது! பின்னர் அவ்விடத்தைத் துடைத்து உலர்த்தி, பசையை மெல்லக் கலந்து, குமிழி வெளியேற அழுத்தித் திருகி ஒட்டினான். மீண்டும் ஒருநாட் காத்திருப்பு.

மூன்றாம் நாள் நாமும் ஏறிச் சென்றோம். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீற்றர் செல்லும். போய்மீளும் நேரத்தில் பாதியைக் கொண்டு கருவி ஆழத்தைக் கணிக்கிறது. சம்மாட்டியார் மரக்கோலை ஊன்றினார்: இரண்டு பாகம். பெட்டி ஒரு சாண் குறைத்துக் காட்டியது.

"பொய் சொல்லுது!"

"இல்லை அப்பு, அது நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழையெல்லோ இருக்குது."

முதியவர் மரக்கோலின் நனைந்த பகுதியைச் சாணால் அளந்தார், மறுமுறையும் அளந்தார். பின்னர் அணியத்திற் சென்று அமர்ந்து, "திட்டுப் பக்கம் விடு, பாப்பம்" என்றார். மரக்கோல் மட்டும் அவர் மடியிலேயே இருந்தது.