பொறியும் பொறுப்பும்

மலைப்பாதையில் செல்வோருக்கு வாகனத்தின் வேகத்தைவிட அதன் நம்பகமே பெரிது. பழனி மலையின் கீழ்ப்பகுதியான பண்ணைக்காட்டில் வாழும் என் மூத்த அண்ணனிடம், அத்தா விட்டுச்சென்ற 1974ஆம் ஆண்டின் அம்பாசடர் கார் ஒன்று உண்டு. எண்பது வயதைக் கடந்த அம்மாவை வத்தலக்குண்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அதில்தான். சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு, அம்மாவுக்கு மூச்சுத்திணறல் கண்டு மலையிறங்குகையில் ஊத்து அருகே கார் நின்றுவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்ய அரைமணி நேரமாயிற்று. பழைய பாயிண்டை நீக்கி எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்துவதா என்ற விவாதம் அதன் பிறகே வீட்டில் எழுந்தது.

கலைப் பட்டதாரியான நான் இதனைக் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டேன். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய முறையே பழைய கார்களில் உள்ளது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் மூடும்போது காயிலில் மின்சாரம் பாய்ந்து காந்தப்புலம் உண்டாகிறது. பாயிண்ட் திறந்ததும் அப்புலம் சட்டென அழிந்து, பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் எழுந்து, பிளக்கில் பொறி பறக்கிறது. நான்கு சிலிண்டர் இஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழன்றால், பாயிண்ட் 6000 முறை திறந்து மூட வேண்டும். இவ்வளவு உழைக்கும் உறுப்பு தேயாதிருக்குமோ? உராயும் பகுதி தேயத்தேய ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இடைவெளி குறுகுகிறது. பொறி எழும் நேரமும் பிந்துகிறது. எலக்ட்ரானிக் முறையில் காந்தத்தை உணரும் சிறு கருவியும் டிரான்சிஸ்டரும் அவ்வேலையைச் செய்வதால் அங்கே தேய்மானம் இல்லை.

ஆயினும் அது சர்வரோக நிவாரணி அன்று. கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஏற்றத்தில் இஞ்சின் திணறுவதற்கு அதுவும், அதனால் பெட்ரோல் விகிதம் மிகுந்துவிடுவதும் காரணங்கள். பெட்ரோல் விகிதத்தைக் கார்புரேட்டரில் சரிசெய்யலாம்; ஆனால் இவ்விரண்டையும் பொறியால் தீர்க்க இயலாது. மூடுபனியின் ஈரம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் வயரிலும் படிந்து மின்சாரம் கசிவதையும் இக்கருவி தடுக்காது. விரிசலற்ற மூடியும் நல்ல வயரும் எப்போதும் வேண்டும்.

“பாயிண்ட் கெட்டால் நானே பார்த்துக்கொள்வேன். அந்தக் கருவி நடுவழியில் கெட்டால் என்ன செய்வது?” என்றார் அண்ணன். அவர் மகனோ, “சின்னத்தா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்” என்று என்னைப் பார்த்தான். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது.

இறுதியில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கும் வகையைத் தேர்ந்தெடுத்தோம். வாங்குமுன் இரண்டைச் சோதித்தோம். முதலாவது, பேட்டரியின் எந்த முனை எர்த் என்பது. பழைய பிரிட்டிஷ் வடிவக் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே எர்த் ஆக இருந்தது, மாற்றி இணைத்தால் கருவி கருகிவிடும். இரண்டாவது, காயிலின் மின்தடை; இப்போதுள்ள காயிலுக்கே பொருந்தும் கருவியாயின், அவசரத்தில் பழைய பாயிண்டையும் அதே காயிலுடன் பயன்படுத்தலாம். இஞ்சின் ஓடாதபோது சாவியை ‘ஆன்’ நிலையில் விட்டால் கருவியோ காயிலோ சூடேறிப் பழுதாகலாம் என்பதையும் வீட்டார் அனைவரிடமும் சொல்லி வைத்தோம்.

கழற்றிய பாயிண்டும் கண்டன்சரும், ஒரு ஸ்குரூடிரைவரும் இடைவெளி அளக்கும் கேஜும் இப்போது காரிலேயே இருக்கின்றன. அவற்றை மீண்டும் பொருத்த மகனுக்கு முதன்முறை நாற்பது நிமிடமாயிற்று. இருபது நிமிடத்தில் முடிக்கும்வரை இரவில் மலைப்பாதையில் சாவி அவன் கைக்கு வராது என்று அண்ணன் கூறிவிட்டார். வெள்ளிதோறும் மாலையில் அவன் பழகி வருகிறான்.