வாப்பாவின் எம்.ஜி.

சாவியைத் திருப்பியதும், எஞ்சின் உறுமுவதற்கு முன்னால் இன்னோர் ஓசை கேட்க வேண்டும். காரின் பின்புறத்திலிருந்து, யாரோ விரலை மடக்கிக் கதவைத் தட்டுவது போல டக்... டக்... என்று வரும். அது பெற்றோல் பம்பின் ஓசை. காபரேட்டர்கள் இரண்டும் நிரம்பியதும் தானாக அடங்கிவிடும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. ஒன்றுமே கேட்காவிட்டால் பம்புக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது அதற்குள் இருக்கும் தொடுமுனைகள் கருகிவிட்டன. இந்தப் பாடத்தை நான் படித்தது மிகவும் தாமதமாகத்தான். அதற்குள் ஒரு பிள்ளையின் பெயரைக் கெடுத்துவிட்டேன்.

எங்களுடையது எம்.ஜி.பி. வகைக் கார். 1962இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, 1980 வரை அபிங்டன் தொழிற்சாலையில் 5 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வகை. இரண்டே இருக்கைகள், மடக்கும் துணிக்கூரை, 1798 சீசீ எஞ்சின். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது கம்பளைப் பக்கத்துத் துரை ஒருவர் மூட்டை கட்டினார். அவருக்கு லொறி ஓட்டிய கூலியில் வாப்பாவுக்குப் பெரும் பாக்கி இருந்தது. பணத்துக்குப் பதிலாக, 1965ஆம் ஆண்டுக்குரிய இந்தக் காரைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினார் வாப்பா.

"காசு கேக்கப் போன மனிசன் கடனக் கொண்டுவந்து வெச்சிரிக்கார்" என்றார் உம்மா.

அந்தத் தீர்ப்பை யாராலும் மாற்ற முடியவில்லை. இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பெட்டரிகள். ஒன்று நோயில் விழுந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு விழும். அந்தக் காலத்து எம்.ஜி.பி.க்களில் பெட்டரியின் பொசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய வாகனங்களுக்கு நேர் எதிர். இது தெரியாமல் உதவிக்கு வந்த ஒரு நல்ல மனிதர் வயர்களை மாற்றிக் கொடுத்துப் புகை கிளப்பிய கதையும் உண்டு. காபரேட்டர் இரண்டும் ஒரே அளவில் மூச்சிழுக்க வேண்டும். முன் சில்லுகளின் கிங் பின்களுக்குத் தவணை தவறாமல் கிறீஸ் ஏற்ற வேண்டும். சிறு சாமான் ஒன்றுக்காகப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஒரு பகல் முழுதும் அலைந்து, வெறுங்கையோடு மாவனல்லைக்குப் பஸ் ஏறிய நாட்கள் எத்தனையோ!

1998இல் வாப்பா மௌத்தானார். பங்கு பிரிக்கையில் காரை யாரும் கேட்கவில்லை. கணக்குப் படிப்பிக்கும் வாத்தியாரான என் தலையில் அது விழுந்தது.

2007, மழைக்கு முந்திய மாதம். காருக்கு இரண்டு வைத்தியங்கள் நடந்தன. ஒன்று, கராஜ் நானாவிடம் கொடுத்து டிஸ்ரிபியூட்டருக்குள் கண்டன்சரை மாற்றியது. இங்கிலாந்திலிருந்து சொந்தக்காரர் ஒருவர் மூலம் நான் வரவழைத்த சாமான் அது. அதைப் பூட்டியது நானாவின் உதவியாள், பத்தொன்பது வயதுத் தோட்டத்துப் பையன். இரண்டாவது வைத்தியம் என்னுடையது. காரை உயர்த்தி நிறுத்தி, அடித்தட்டின் துருவைச் சுரண்டி, கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றி, கறுப்புப் பூச்சு இரண்டு தடவை பூசினேன். மல்லாந்து கிடந்து செய்த அந்த வேலையில் எனக்கு எவ்வளவு பெருமை!

அடுத்த வாரம் கண் கிளினிக்குக்காக உம்மாவை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் புறப்பட்டேன். கடுகண்ணாவை ஏற்றத்தில் கார் இருமியது. இரண்டு குலுக்கல், ஒரு விக்கல், பிறகு மௌனம். உம்மா குடையை விரித்துக்கொண்டு ரோட்டோரக் கட்டில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் கழித்து எதுவுமே நடக்காதது போல கார் கிளம்பியது. அரைக் கட்டை போய் மறுபடியும் நின்றது.

"மகன், வாப்பா சாவியத் திருப்பினா பொறத்தால டக்கு டக்கென்டு ஒரு சத்தம் வருமே. இன்டைக்கி அது வரல்லியே?"

"உம்மா, ஒங்களுக்கு இது விளங்காது" என்றேன்.

உம்மாவுக்கு விளங்கித்தான் இருந்தது. எனக்குத்தான் விளங்கவில்லை. மின்பொறி அறுந்தால் எஞ்சின் விளக்கை அணைத்தது போலச் சட்டென்று சாகும்; பெற்றோல் வற்றினால் இருமி, விக்கி, இழுத்துக்கொண்டு சாகும். இந்த வித்தியாசத்தை நானா எனக்கு முன்னரே சொல்லித் தந்திருந்தார். கார் இருமியதை என் காதால் கேட்டேன். ஆனாலும் என் மனம் கண்டன்சரையே பிடித்துக்கொண்டது. பழுதான கண்டன்சரும் சூடேறினால் படுத்து, ஆறினால் எழும்பும். கணக்கு சரியாக வருகிறதே! அப்படியென்றால் பூட்டியது நான் கொடுத்த சாமான் இல்லை. நல்லதை யாருக்கோ விற்றுவிட்டு மட்டமானதைப் பூட்டியிருக்கிறான். செய்தது யார்? கேட்கவும் வேண்டுமா?

உம்மாவைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். அன்று மாலையே கராஜில், நான்கு பேர் முன்னிலையில் அந்த வார்த்தையைச் சொன்னேன். பையன் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த ஸ்பானரைத் துணியால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தான். மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை.

"சேர், கொஞ்சம் பாத்துட்டுப் பேசியிருக்கலாம்" என்றார் நானா. அவ்வளவுதான்.

இரண்டு கிழமை கழித்து என் வீட்டு முற்றத்திலேயே கார் படுத்துக்கொண்டது. கேலி பேச எவரும் இல்லாத இரவு. முதலில் மின்பொறியைப் பார்த்தேன். பிளக்கைக் கழற்றி எஞ்சினில் சாய்த்து வைத்துச் சுழற்றினால் நீலமாகத் தெறித்தது. காபரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிப் போத்தலில் விட்டுச் சாவியைத் திருப்பினேன். ஒரு சொட்டும் வரவில்லை. உம்மா சொன்ன ஓசையும் இல்லை. பம்ப் வலது பின்சில்லுக்கு முன்னால், அடித்தட்டுக்குக் கீழே இருக்கிறது. சோதனை விளக்கின் ஒரு முனையைப் பம்புக்கு வரும் வெள்ளை வயரிலும் மறு முனையைப் பெட்டரியின் எர்த்திலும் வைத்தேன், எரிந்தது. ஆக, மின்சாரம் வருகிறது. அது திரும்பிப் போகும் வழிதான் இல்லை. தனி வயரொன்றால் பம்பின் எர்த் முனையை நேரே பெட்டரியின் எர்த்தில் தொட்டேன்.

டக்... டக்... டக்...

எர்த் வயர் உடலோடு பொருந்தும் ஆணியைக் கழற்றினேன். அடியில் வழவழப்பான கறுப்புப் பூச்சு. என் பூச்சு! துருவைச் சுரண்டக் கழற்றி, இரும்புக்கும் வயருக்கும் நடுவே பூச்சைப் பூசி, அதன்மேலேயே திருப்பிப் பூட்டியவன் நான். ஆணியின் மரைகள் ஏதோ கொஞ்சம் தொட்டுக்கொண்டிருந்ததால் கார் ஒரு நேரம் ஓடியது. குலுக்கலில் தொடுப்பு விட்டதும் நின்றது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிஸ்ரிபியூட்டரையும் திறந்தேன். இங்கிலாந்துப் பெட்டியில் இருந்த அதே இலக்கம் கண்டன்சரின் மேலும் இருந்தது.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரின் அடியில் கைவைத்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவனை மட்டும்தான் நான் விசாரித்தேன். மற்றவனை எனக்கு மிகவும் வேண்டியவன் என்பதால் விட்டுவிட்டேன்.

விடிந்ததும் நானாவைக் கூட்டிக்கொண்டு, பஸ்ஸில், பையனின் தோட்டத்துக்குப் போனேன். அவன் அங்கே இல்லை. கொழும்பில் ஏதோ கராஜுக்குப் போய்விட்டானாம். லயத்தின் திண்ணையில் பாய் விரித்து, அவனுடைய தாய் எங்களுக்குச் சாயம் ஊற்றித் தந்தாள். செய்தி எங்களுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது.

"எம் மகன் களவாண்டானா சேர்?"

"இல்லம்மா. பிழை என்னுடையது. அவன் ஒன்றும் எடுக்கவில்லை."

அவள் சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு சொன்னாள்:

"அதக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சேர். பக்கத்துக் காம்பிராவுக்கும் கேக்கட்டும்."

எழுந்து நின்று, வகுப்பறையில் பேசும் குரலில் சொன்னேன். வரிசையாகக் கதவுகள் திறந்தன. இரண்டாம் தடவையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான பாடத்தை நான் நடத்தியதில்லை.

பையன் திரும்பி வரவில்லை. கொழும்பில் தொழில் பிடித்துவிட்டது என்று பிற்பாடு நானா சொன்னார். தாய் சொல்லிவிட்ட செய்தி அவனுக்குக் கிடைத்ததாம். பதில் எதுவும் அவன் சொல்லி அனுப்பவில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையும் எனக்கில்லை.

இன்று உம்மாவும் இல்லை, நானாவும் இல்லை. கார் இருக்கிறது. 2020இலிருந்து 2025 தொடக்கம் வரை புதுக் கார்களின் இறக்குமதி நின்றிருந்த காலத்தில் இதற்கும் விலை பேசி ஆட்கள் வந்தார்கள். கொடுக்கவில்லை. இன்னமும் ஏதாவதொரு மேட்டில் நிற்கத்தான் செய்கிறது. நின்றால் முதலில் காதைக் கொடுக்கிறேன். பிறகு கடைசியாக அதில் கைவைத்தவன் யார் என்று யோசிக்கிறேன். பெரும்பாலும் நான்தான்.

வருடா வருடம் மழைக்கு முன்னால் அடித்தட்டுக்குப் பூச்சுப் பூசுகிறேன். பம்பின் எர்த் ஆணியைச் சுற்றி, ஐம்பது சதக் குற்றியளவு இடத்தை மட்டும் விட்டுவிடுவேன். அதில் துருப் பிடிக்கும். மண்கடதாசியால் தேய்த்து, இரும்பு மின்னும்வரை துடைத்து, கொஞ்சம் கிறீஸ் தடவி, வயரைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திருப்புகிறேன்.