'ஆம்' என்னும் கட்டம்

நமது முதுகுத்தண்டு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம்மோடு வழக்காடி வருகிறது. குருமட நாள்களில் விடியற்காலை எழும்போது முதுகு மரக்கட்டையாய் விறைத்திருக்கும். சற்று நடமாடினால் இளகும். சோம்பல் என்றே உடன் பயின்றோர் எள்ளினர். நாமும் பாதி நம்பினோம். பல ஆண்டுகளுக்குப் பின்னரே மருத்துவர் ஒருவர் அதற்குப் பெயர் சொன்னார்: ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். உடலின் எதிர்ப்பாற்றலே முதுகெலும்பின் மூட்டுகளில் அழற்சியை உண்டாக்க, நாளடைவில் எலும்போடு எலும்பு சேர்ந்து இறுகும் நோய். இன்று யாரேனும் பின்னாலிருந்து அழைத்தால், கழுத்தைத் திருப்ப இயலாமல் உடலோடு திரும்புகிறோம். (பீடத்தில் அது பக்தியாகத் தோன்றுவதாகக் கேள்வி.)

2024 இறுதியில் தனியார் மருத்துவக் காப்பீடு ஒன்று எடுக்க முனைந்தோம். முகவர் நம் பங்கின் இளைஞர். விண்ணப்பத்தில், முதுகெலும்பு நோய் ஏதேனும் உண்டா என்றொரு வினா. எதிரே 'ஆம்', 'இல்லை' என இரு கட்டங்கள்.

"முதுகுவலி யாருக்குத்தான் இல்லை சாமி? 'இல்லை'ன்னே போட்டுடலாம். அஞ்சு வருஷம் விடாமக் கட்டிட்டா அப்புறம் யாரும் கேள்வி கேக்க முடியாது" என்றார்.

பாதி உண்மை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் அக்கால அளவை எட்டு ஆண்டுகளிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. அறுபது மாதங்கள் தொடர்ந்து கட்டியவரிடம், தகவலை மறைத்தார் என்று கூறிப் பணம் மறுக்கலாகாது. மோசடி என்று மெய்ப்பித்தால் மட்டும் மறுக்கலாம். அந்த 'மட்டும்' தம்பியின் வாயில் வரவில்லை.

ஒப்புக்கொள்கிறோம்: பேனா 'இல்லை'யின் மேல் சற்று நேரம் நின்றது. தடுத்தது நாம் கற்ற அறநெறி இறையியல் அன்று. முன்பு நாம் பணியாற்றிய பங்கின் கொத்தனார் ஒருவரின் நினைவு. வலியை மறைத்துக் காப்பீடு எடுத்தவர் அவர். மூன்றாண்டு கழித்து அறுவைச் சிகிச்சைக்குப் படுத்தபோது, எத்தனை நாளாக வலி என்று மருத்துவர் கேட்க, "பத்து வருஷமா" என்றார். அது மருத்துவமனைக் குறிப்பில் ஏறிற்று. அந்த ஒரு வரியைக் காட்டிப் பணம் மறுக்கப்பட்டது, காப்பீடும் ரத்தாயிற்று. மனைவியின் நகை அடகுக்குப் போயிற்று.

'ஆம்' என்று குறித்தோம். முதல் நிறுவனம் இரு வரிக் கடிதத்தில் மறுத்தது. அடுத்தது எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. அறிக்கைகளைக் கேட்டு வாங்கி, கூடுதல் பிரீமியத்தோடு ஏற்றது. ஆனால் இந்நோய்க்கு மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். முன்னர் அது நான்காண்டு வரை இருந்ததாம். ஆக, முதுகு நீங்கலாக நம் உடலுக்குக் காப்பு உண்டு!

நோய் வந்தபின் மட்டுமே எல்லோரும் சேர்ந்தால் பொதுநிதி வற்றிப்போகும் என்பர் கணக்கறிந்தோர். நியாயந்தான். ஆயினும், பெரும்பாலும் இளமையிலேயே தொடங்கிவிடும் நோய் இது. சம்பாத்தியமே இல்லாத பருவத்தில், வருமுன் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்று யாரிடம் சொல்வது?

2025 இறுதியில் புதுப்பிக்க வந்த தம்பி, செப்டம்பர் 22 முதல் தனிநபர் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று மகிழ்ச்சியோடு சொன்னார். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு வருஷம் சாமி. அதுவரைக்கும் முதுகைக் கொஞ்சம் பாத்துக்குங்க."