பாடுபட்ட சுரூபம்

எங்கள் ஊரான இருக்கன்குடியில் வெள்ளிக்கிழமை அம்மனுக்குச் சொந்தம். ஆடி, தை, பங்குனி இந்த மூன்று மாதங்களின் கடைசி வெள்ளியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் ஜனங்கள் மணல்மீதே அடுப்பு மூட்டிப் பொங்கிச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துக் கிடப்பார்கள். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து அம்மன் திருநீற்றிலே வளர்ந்தவன் சிலுவையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அதில் பாத்தியதை உண்டா என்பது எனக்கே நிச்சயமில்லை. ஆனால் 2023-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி, பங்குனிக் கடைசி வெள்ளியும் கிறிஸ்தவர்களின் பெரிய வெள்ளியும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. அன்று என் தங்கை இரண்டு இடத்துக்கும் போய் வந்தாள். அதிலிருந்து இந்த விஷயம் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

முதலில் டீச்சரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது அவர் எங்கள் அடுத்த வீட்டுக்குக் குடி வந்தார். மணப்பாட்டுக்காரர். கடற்கரையை விட்டு இந்தக் கரிசல் காட்டுக்கு உத்தியோக நிமித்தமாக வந்தவர். நல்ல மீன் கிடைக்காத ஊரில் மனுஷர்கள் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய தீராத ஆச்சரியம். அவர் வீட்டு நடுச்சுவரில் ஒரு சிலுவை தொங்கும். வெறும் சிலுவை இல்லை; அதில் ஆள் இருப்பார். கத்தோலிக்கர்கள் அதைப் 'பாடுபட்ட சுரூபம்' என்று சொல்வார்கள். சீர்திருத்தச் சபைக்காரர்களின் கோவில்களில் பெரும்பாலும் வெறும் சிலுவைதான் இருக்கும். உயிர்த்தெழுந்து போய்விட்டவரை இன்னும் ஏன் ஆணியிலே தொங்கவிட வேண்டும் என்பது அவர்கள் நியாயம். கத்தோலிக்கர்கள் அவரை இறக்குவதில்லை. அதற்கும் ஒரு நியாயம் உண்டு. அது எனக்குப் புரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

எங்கள் அம்மன் பட்டுக் கட்டிக்கொண்டு, வேப்பிலையும் எலுமிச்சைமாலையுமாகக் கம்பீரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பழகியவன் நான். டீச்சரம்மா வீட்டுச் சாமிக்கு மேலே துணிகூட இல்லை. விலாவில் ரத்தம். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"உங்க சாமிய யாரு டீச்சர் இப்படி அடிச்சது?"

அவர் முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "கவர்மெண்டு" என்றார்.

வேடிக்கையாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அதற்குமேல் சரியான பதிலை யாராலும் சொல்ல முடியாது என்று இப்போது தெரிகிறது. சிலுவை என்பது ரோம சர்க்காரின் தூக்குமரம். அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனை. சாவு சீக்கிரம் வந்துவிடக் கூடாது, ஊர் பார்க்க வேண்டும், பார்த்தவன் பயப்பட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அந்தத் தண்டனை வழக்கில் இருந்த காலத்தில் கிறிஸ்தவர்களே அந்தக் காட்சியைப் படமாக வரையக் கூசினார்கள். ரோமில் சாந்தா சபினா கோவிலின் மரக்கதவில் ஐந்தாம் நூற்றாண்டில் செதுக்கியிருப்பது, இன்று மிஞ்சியிருக்கிற சிலுவைக் காட்சிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. தூக்குக் கயிற்றை வீட்டில் மாட்டிக் கும்பிட யாருக்குத்தான் மனசு வரும்?

நமக்கு வரும் என்றுதான் சொல்ல வேண்டும். காத்தவராயன் கழுமரம் ஏறியவன். மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் என்று கதைப்பாடல் சொல்கிறது. ராஜாக்கள் கொன்றுபோட்டவர்களை எடுத்து வைத்துச் சாமியாக்கிக் கும்பிடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அநியாயமாய்ச் செத்தவனுடைய கோபத்துக்கு நாம் பயப்படுகிறோம். கிடாயும் சாராயமும் படைத்து அதைத் தணிக்கிறோம். டீச்சரம்மா வீட்டுச் சாமிக்கோ கோபமே இல்லை. ஆணி அடித்தவனுக்கே மன்னிப்புக் கேட்டாராம். தணிக்கவேண்டிய கோபம் இல்லாத சாமியிடம் என்ன கேட்பது, என்ன படைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

மணப்பாட்டில் கடலோரத்து மணற்குன்றின்மேல் திருச்சிலுவைக் கோவில் இருக்கிறது. செப்டம்பர் 14-ந் தேதி திருவிழா. அதற்கு லீவு போட்டுவிட்டுப் போய், திரும்பும்போது எங்களுக்குக் கருவாடு கொண்டுவருவார். கருவாட்டோடு கதையும் வரும். போர்ச்சுக்கீசியக் கப்பல் ஒன்று நன்னம்பிக்கை முனைக்கருகே புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்து, எப்படியோ மணப்பாட்டில் கரை ஒதுங்கியதாம். பிழைத்தால் சிலுவை நாட்டுவதாக மாலுமித் தலைவன் நேர்ந்திருந்தானாம். முறிந்த பாய்மரத்தையே வெட்டிச் சிலுவையாக்கி 1540-ல் அந்தக் குன்றில் நட்டான் என்பது ஐதிகம். இரண்டு வருஷம் கழித்து சவேரியார் அங்கே வந்தார். 'குருசு' என்று கடற்கரையில் வழங்குகிற சொல் அந்தப் போர்ச்சுக்கீசியரோடு வந்ததுதான். 'சிலுவை' அதற்கும் மூத்த சொல். சிரியாக் மொழியிலிருந்து வந்தது என்கிறார்கள்.

"நல்ல மரமா ஒண்ணு வாங்கி நட்டிருக்கலாம்லா? ஒடைஞ்சதைத்தான் நட்டான்" என்பார் டீச்சரம்மா. ஒவ்வொரு வருஷமும் கதை அந்த இடத்தில்தான் முடியும்.

என் தங்கையின் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதவேண்டாம் என்று பலமுறை நினைத்தேன்.

எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் முடிந்தால் 'ஆபீஸ்'. ஆபீஸ் என்றால் நாற்காலியும் மின்விசிறியும் என்று நினைத்துவிடாதீர்கள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். தங்கையும் போனாள். 1999-ம் வருஷம், அவளுக்குப் பதினெட்டு வயது. மருந்து செலுத்துகிற ஷெட்டில் உராய்விலே தீப்பற்றிக்கொண்டது. இரண்டு பேர் அங்கேயே போய்விட்டார்கள். இவள் முகத்தை மறைத்துக்கொண்டு ஓடியதால் முகம் தப்பியது. மறைத்த கைகள் இரண்டும் போயின. ஆஸ்பத்திரியில் நாற்பத்தாறு நாள் கிடந்தாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அம்மா மாரியம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்தாள்.

ஆபீஸ் தரப்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் ஆப்பிள் பழத்தோடு பார்க்க வந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவர் கிறிஸ்தவருமல்ல. ஆனாலும், "என்னம்மா செய்யிறது, ஒவ்வொருத்தருக்கும் ஆண்டவன் ஒரு சிலுவையைக் கொடுத்திருக்கான், சுமந்துதானே தீரணும்" என்று அம்மாவிடம் சொன்னார். அந்த வாசகம் மதம் கடந்து பொதுச்சொத்தாகிவிட்டது. அம்மாவும் தலையை ஆட்டினாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தங்கைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த டீச்சரம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "அவருக்குச் சிலுவைய கடவுளா கொடுத்தாரு? பிலாத்து கொடுத்தான். அந்த ஷெட்டுல நாலு பேரு இருக்கணும்னு சட்டம். ஏழு பேர வெச்சது கடவுளா?" என்றார்.

வந்தவர் பதில் சொல்லாமல் எழுந்து போனார். எனக்கு அன்று டீச்சரம்மாமீதும் கோபம்தான். வெளி வராந்தாவில் அவரை மடக்கி, "சிலுவையைத் தூக்கிக்கிட்டு என் பின்னால வான்னு உங்க ஆண்டவர் சொல்லலையா? உங்க பிரசங்கத்திலேயும் அதைத்தானே சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"சொன்னாரு, தம்பி. தானாத் தூக்குறவனைப் பாத்துச் சொன்னாரு. அடுத்தவன் தலையில ஏத்திவிட்டுட்டு, சுமன்னு சொல்லச் சொல்லல."

பிறகு அவர் மறுபடி உள்ளே போய்க் கஞ்சியை எடுத்துக்கொண்டார். அந்த நாற்பத்தாறு நாளில் அவர் வராத நாள் மூன்றோ நான்கோதான் இருக்கும்.

சிலுவைப் பாதை என்று கத்தோலிக்கர்கள் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் செய்கிற ஒரு பக்தி முயற்சி உண்டு. பதினான்கு நிலைகள். நான் இரண்டு மூன்று முறை பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். முதல் நிலையே பிலாத்து தீர்ப்புச் சொல்வதுதான். ஆரம்பத்திலேயே யார் செய்த காரியம் என்று சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் மூன்று தரம் கீழே விழுகிறார். கடவுள் விழுந்தார் என்று ஒரு தரம் சொல்லிவிட்டுப் போகாமல், மூன்று தரமும் நின்று முழங்காலிடுகிறார்கள். ஐந்தாவது நிலையில் வழியோடு போன சீமோன் என்கிற நாட்டுப்புறத்தானைப் பிடித்துச் சிலுவைக்குத் தோள் கொடுக்க வைக்கிறார்கள். அவன் இஷ்டப்பட்டு வரவில்லை. ஆறாவது நிலையில் வெரோணிக்கா என்கிற பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முகத்தைத் துடைக்கிறாள். நான்கு சுவிசேஷங்களிலும் தேடிப் பார்த்தேன், அவளைக் காணோம். பக்தர்கள் சேர்த்துக்கொண்டது. அத்தனை பெரிய அநியாயம் நடக்கும்போது ஒருத்தியாவது துணியோடு வந்திருக்கமாட்டாளா என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. எனக்கு மற்ற எல்லா நிலைகளையும்விட அது பிடிக்கும்.

ஆனால் சிலுவையோ தீச்சட்டியோ எங்கள் பக்கத்து மருந்து அறைகளில் தீயை நிறுத்திவிடவில்லை. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டவர்கள். அது தைக் கடைசி வெள்ளி. அடுத்த புதன்கிழமை கத்தோலிக்கர்களுக்குச் சாம்பல் புதன்; நெற்றியில் சாம்பல் பூசி, மண்ணாய் இருக்கிறாய் என்று ஞாபகப்படுத்துவார்கள். அந்த வருஷம் இங்கே அதை யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

2023 ஏப்ரல் 7-ந் தேதி விடியற்காலையில் தங்கை அம்மன் கோவிலுக்குப் போனாள். அம்மா இல்லாததால் மாவிளக்கு அவள் கையால். தீச்சட்டி எடுப்பதில்லை. "நெருப்புதான் என்னை ஒரு தடவை எடுத்திருச்சே" என்பாள். கடையில் தகட்டில் அடித்த கை உருவம் ஒரு ஜோடி வாங்கி உண்டியலில் போட்டாள். கை இனிமேல் சரியாகாது என்று அவளுக்குத் தெரியும். வருஷா வருஷம் போடுகிறாள்.

மத்தியானம் சாத்தூர். டீச்சரம்மா ரிடையர் ஆகி அங்கேதான் இருக்கிறார். முழங்கால் போய்விட்டது, அவரைக் கோவிலுக்குக் கூட்டிப் போகவும் கூட்டி வரவும் ஆள் வேண்டும். நானும் போனேன். அன்று பூசை கிடையாது, மணி கிடையாது. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுகிறார்கள். துணி மூடிய சிலுவையை மூன்று தடவையாகத் திறந்து காட்டினார்கள். பிறகு ஜனங்கள் வரிசையாகப் போய்ச் சுரூபத்தின் பாதத்தை முத்தி செய்தார்கள். தங்கை டீச்சரம்மாவைத் தாங்கிக்கொண்டு வரிசையில் நகர்ந்தாள். டீச்சரம்மா குனிந்து பாதத்தை முத்தினார். தங்கை முத்தவில்லை. கையை நீட்டிச் சுரூபத்தின் உள்ளங்கையில், ஆணி இருக்கிற இடத்தில், தொட்டுவிட்டு வந்தாள்.

அன்று டீச்சரம்மா தம் வீட்டுச் சுவரிலிருந்த அந்தப் பழைய சுரூபத்தைக் கழற்றி, பழைய சேலைத் துண்டில் சுற்றி அவளிடம் கொடுத்துவிட்டார். "எனக்கப்புறம் இதை யாரும் தொடைக்கமாட்டாங்க" என்று மட்டும் சொன்னார். வேதத்தில் சேரச் சொல்லவில்லை. ஒரு நாளும் சொன்னதில்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அவள் அதை மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அம்மன் கோபித்துக்கொள்வாளோ என்று சின்ன வயசுப் பயம் ஒன்று அடியில் கிடந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "அம்மன்கிட்டக் கேட்டா ஏதாவது கொடுப்பா. இவருகிட்ட என்ன கேப்பே? அவரே இப்படித் தொங்குறாரே" என்றேன்.

"கேக்கதுக்கு இல்லண்ணே. அவரு கையைப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். அடுப்பில் உலை பொங்கிச் சத்தம் கேட்டது. அவள் உள்ளே போய்க்கொண்டே, "சோறு வடிக்கணும், பானையக் கொஞ்சம் பிடிங்க" என்று கூப்பிட்டாள்.