தேக்குக் கதவும் இழைப்புளியும்

கருவிகளுள் சில எப்பொழுதும் நம் வீட்டிலேயே இருப்பவை. அரிவாள்மணை, பாக்குவெட்டி, கத்தரிக்கோல் போல்வன. வேறு சில, தச்சர் வரும்பொழுது அவர் பையில் வந்து, அவரோடே திரும்பிச் செல்பவை. இழைப்புளி இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. சிறுவயதில் நான் அதனைக் கண்டதுண்டு, தொட்டதில்லை. தச்சர் தரையில் அமர்ந்து, பலகையைக் காலால் பற்றிக்கொண்டு, இழைப்புளியைத் தள்ளுவார். அதன் வாயிலிருந்து சுருள் சுருளாக மரச்சீவல் எழும். அச்சுருளை நாங்கள் மோதிரமாகவும் காப்பாகவும் அணிந்து மகிழ்வோம். எனக்கும் அதற்கும் இருந்த உறவு அவ்வளவே. அறுபது வயதைக் கடந்தபின் நானே ஓர் இழைப்புளியை விலைகொடுத்து வாங்குவேன் என்று அன்று எவரேனும் கூறியிருப்பின் நகைத்திருப்பேன். அதனை வாங்கச் செய்தது எங்கள் வீட்டு வாயிற்கதவு.

எங்கள் ஊர் கூத்தாநல்லூர். திருவாரூரிலிருந்து மன்னார்குடிக்குச் செல்லும் சாலையில், வெண்ணாற்றங்கரையில் அமைந்தது. ஊரைச் சுற்றிலும் நெல்வயல்கள். ஊருக்குள்ளோ வாணிகர் வீடுகள். எங்களூரார் பலர் முன்னாளில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிச் சென்று பொருளீட்டினர். ஈட்டியதை ஊரில் வீடாகக் கட்டினர். என் பாட்டனார் இரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தார். 1934-ஆம் ஆண்டில் அவர் இவ்வீட்டைக் கட்டினார். தூண், உத்தரம், நிலை, கதவு ஆகிய யாவும் பர்மாத் தேக்கு.

எங்கள் வண்டல் நிலத்தில் தேக்கங்காடு இல்லை. அம்மரம் எங்கிருந்து எவ்வாறு வந்தது என்பதைப் பாட்டனார் கதைபோலச் சொல்வாராம். பர்மாக் காட்டில் தேக்கை உடனே வெட்டிச் சாய்ப்பதில்லை. அடிமரத்தைச் சுற்றிலும் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிட்டு, மரத்தை நின்ற நிலையிலேயே உலரவிடுவர். பசிய தேக்கு நீரில் மிதவாது. இரண்டு மூன்று ஆண்டு நின்று உலர்ந்தபின்னரே மிதக்கும். பிறகு வெட்டி, யானைகளைக் கொண்டு ஓடைக்கு இழுத்து, வெள்ளம் வரும்போது ஆற்றில் விட்டு, தெப்பமாகக் கட்டி, இரங்கூனுக்குக் கொண்டுவருவர். காட்டில் வளையமிட்ட மரம் பலகையாவதற்குள், அவ்வாண்டு பிறந்த குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிவிடும் என்பாராம். 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் இரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீசினர். அடுத்த ஆண்டு இலட்சக்கணக்கான இந்தியர் அந்நாட்டைவிட்டு வெளியேறினர். அவர்களுள் பலர் காட்டுவழியே கால்நடையாக வந்தவர்கள். பாட்டனாரும் அவ்வாறே வந்து சேர்ந்தார். கடை போயிற்று, கையிருப்பும் போயிற்று. எஞ்சியது இவ்வீடு ஒன்றே.

அத்தகைய வீட்டின் கதவு சில ஆண்டுகளாகத் திறக்கவும் மூடவும் தடுக்கத் தொடங்கியது. என் அன்னையார் எண்பத்தைந்து வயதைக் கடந்தவர். விடியற்காலையில் பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி கேட்டதும் எழுந்து வாயிலைத் திறப்பது அவர் வழக்கம். கதவைத் தோளால் முட்டித் தள்ளுவார். ஒருநாள் அவ்வாறு தள்ளியபோது கால் வழுக்கி விழுந்தார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. ஆயினும் அன்றே உறவினர் அனைவரும் ஒருமுகமாக, "இந்தக் கதவை விற்றுவிட்டு இரும்புக் கதவு போடுங்கள்" என்று சொல்லிவிட்டனர். பழம்பொருள் வாங்கும் வாணிகர் ஒருவரும் வந்து, கதவைத் தட்டிப் பார்த்து, விலையும் கூறினார். அவ்விலை குறைவன்று, அதுவே எனக்கு அச்சத்தைத் தந்தது. "மழைக்காலம் கழியட்டும்" என்று நான் தவணை கேட்டேன்.

அத்தவணைக்குள் கதவைச் சீர்ப்படுத்த எண்ணி இழைப்புளி தேடினேன். கடைகளில் மின்சாரத்தால் சுழலும் இழைப்புப் பொறியையே காட்டினர். அதன் இரைச்சலும், நொடியில் அது தின்னும் மரமும் என்னை அஞ்சவைத்தன. நூல்களைப் புரட்டியபொழுது, கதவின் அடிமுனை போன்ற இடங்களுக்குத் தாழ்கோண இழைப்புளி ஏற்றது என்று படித்தேன். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர் அதனை வாங்கி வந்தார். "மச்சான், தங்கம் கேட்பார்கள், கைக்கடிகாரம் கேட்பார்கள், இரும்புக்கட்டி கேட்டவர் நீங்கள் ஒருவர்தாம்" என்று சொல்லிக் கையில் கொடுத்தார்.

உள்ளங்கையில் அடங்கும் கருவி அது. நீளம் ஆறு அங்குலத்துக்குச் சற்றே மிகுதி. ஆனால் கனம் இருந்தது. அதன் சிறப்பெல்லாம் அலகு படுத்திருக்கும் சாய்வில் உள்ளது. பொதுவாக இழைப்புளியில் அலகு 45 பாகை சாய்வில், ஏறக்குறையப் பாதி நிமிர்ந்து நிற்கும். தீட்டிய சாய்முகம் கீழ்நோக்கி இருக்கும். தாழ்கோண இழைப்புளியிலோ அலகு 12 பாகை அளவே எழுந்து படுத்திருக்கும். சாய்முகம் மேல்நோக்கி இருக்கும். அச்சாய்முகத்தை 25 பாகையாகத் தீட்டினால், இரண்டும் கூடி 37 பாகையில் மரத்தை வெட்டும். எட்டுப் பாகைதானே வேறுபாடு என்று எண்ணவேண்டா. உழவரைக் கேட்டுப் பாருங்கள். ஏர்க்கொழுவின் சாய்வு சிறிது மாறினும் மாடு இழுக்கத் திணறும்.

இழைப்புளி மிகப் பழைய கருவி. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பாம்பேயி நகரத்தில் இழைப்புளிகள் கிடைத்துள்ளன. மரக்கட்டையில் வாய் குடைந்து, அலகைச் செருகி, ஆப்பு அடித்து இறுக்கும் முறை பன்னெடுங்காலம் நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கரான லெனார்டு பெய்லி என்பார், திருகினால் அலகை ஏற்றவும் இறக்கவும் கூடிய இரும்பு இழைப்புளிகளைச் செய்தார். ஸ்டான்லி நிறுவனம் 1869-இல் அவருடைய தொழிலை வாங்கி அவற்றை உலகெங்கும் பரப்பிற்று. என் கையிலிருந்ததும் அக்குடும்பத்துப் பிள்ளையே.

கருவி வந்த அன்றே கதவின்மேல் பாய்ந்தேன். இரண்டு மாதமாக மழை பெய்கிறது. மரம் நீரை உண்டு பருத்துவிட்டது. ஆதலின் கதவின் பக்க ஓரத்தைச் சீவினால் போதும் என்பது என் முடிவு. முதல் தள்ளலில் நீண்ட சுருள் ஒன்று எழுந்தது. என் மகிழ்ச்சிக்கு அளவில்லை. அதனைக் காப்பாக அணிந்து பார்த்தேன் என்று சொல்வதற்கு நாணமாயிருக்கிறது. நான்காம் தள்ளலில் 'படீர்' என்று ஓர் ஒலி. ஒரு சாண் நீளத்துக்குச் சிலாம்பு பெயர்ந்து வந்தது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு ஒரு கீறலுமின்றி நின்ற ஓரத்தில் ஒரு பள்ளம். அன்னையார் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பெயர்ந்த சிலாம்பை எடுத்துத் துடைத்து, அலமாரியில் வைத்தார்.

மறுநாள் பழைய தச்சர் ஒருவரை அழைத்துவந்தேன். எழுபதைக் கடந்தவர், வேலையை விட்டுச் சில ஆண்டுகள் ஆயின. வந்தவர் கதவின் ஓரத்தைப் பார்க்கவேயில்லை. குனிந்து தரையைப் பார்த்தார். அங்கே பிறைபோல் வளைந்த தேய்ப்பு ஒன்று இருந்தது. நாள்தோறும் அதனை மிதித்து நடந்தவன் நான், கண்டதில்லை.

"தம்பி, கதவு பருத்துத் தடுக்கிறதா, தாழ்ந்து தடுக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். "மரம் அகலத்தில் பருக்கும், நீளத்தில் பருக்காது. மழையில் பருத்தது கோடையில் தானே சுருங்கும். இது கோடையிலும் தடுத்ததா இல்லையா?"

தடுத்ததுதான். அன்னையார் உள்ளிருந்தே, "சித்திரையிலும் தடுத்தது" என்றார். என்னிடம் அவர் அதனைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

கீல்களின் திருகாணிகள் ஆடிக்கொண்டிருந்தன. தச்சர் துளைகளில் மூங்கிற் சிம்பைச் செருகி அவற்றை இறுக்கினார். கதவு சிறிது எழுந்தது, முழுதும் எழவில்லை. சட்டங்களின் பொருத்தும் தளர்ந்திருந்தது. அதனைச் சீராக்கக் கதவையே பிரிக்கவேண்டும். அதற்கு அவர் இசையவில்லை. கீல் பக்கத்தில் கதவின் அடியில் ஒரு ரூபாய் நாணயம் எளிதில் நுழைந்தது. தாழ்ப்பாள் பக்கத்தில் நுழையவில்லை. அந்த நாணயத்தின் கனமே நாங்கள் சீவவேண்டிய அளவு.

சீவவேண்டிய இடமோ நெடுஞ்சட்டத்தின் அடிமுனை. அதாவது மரத்தைக் குறுக்கே அறுத்த முகம். வைக்கோற் கட்டை நிமிர்த்தி வைத்து, அதன் தலையை அரிவாளால் சீவுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளும் தனித்தனியே அறுபடவேண்டும். அலகு நிமிர்ந்திருந்தாலும் மழுங்கியிருந்தாலும் தாள்கள் மடங்குமேயன்றி அறா. மரத்தின் குறுக்குமுகமும் அத்தகையதே. அலகு தாழ்ந்து படுத்து நுழைந்தால் நார்களை அடியோடு அறுத்துச் செல்லும். நார் நீளவாட்டில் ஓடும் பக்கத்திலோ கதை வேறு. அங்கு நார் எதிர்த்துவரும் இடத்தில், தாழ்ந்த அலகு ஆப்பைப்போல் நாரின் அடியில் புகுந்து, அலகு செல்லும் முன்னரே மரத்தைப் பிளந்துவிடும். நான் கேட்ட 'படீர்' ஒலி அதுவே. கருவி நல்லதுதான், இடமறியாது கொண்டுபோனவன் நான்.

நால்வர் சேர்ந்து கதவைக் கழற்றினோம். கீல் பக்கம் கீழாக, தாழ்ப்பாள் பக்கம் மேலாக இருக்குமாறு தச்சர் அதனைப் பக்கவாட்டில் நிறுத்தினார். முதலில் தம் பையிலிருந்த மர இழைப்புளியை எடுத்து அடிமுனையில் ஒருமுறை தள்ளினார். தூள் உதிர்ந்தது, மரம் சொரசொரத்தது. "உங்களுடையதைக் கொண்டுவாருங்கள்" என்றார். கொடுத்தேன். அலகை விரல்நுனியால் தடவி, முகத்தைச் சுளித்தார். தேக்கினுள் நுண்ணிய மணற்சத்து உண்டு. அது எந்த அலகையும் விரைவில் மழுக்கிவிடும். முன்னாள் நான் தள்ளிய நான்கு தள்ளலுக்கே அலகு பாதி கூர்மை இழந்திருந்தது. தண்ணீர் தெளித்துச் சாணைக்கல்லில் அரைமணி நேரம் தீட்டினார். முன்கையில் வைத்து இழுத்தார், மயிர் உதிர்ந்தது. அதன்பின்னரே கதவைத் தொட்டார்.

மேலிருந்து கீழ்நோக்கி, அதாவது கதவின் வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கியே தள்ளினார். வெளிநோக்கித் தள்ளினால் கடைசி நார்களுக்குப் பின்னே தாங்குவது ஒன்றுமில்லை. அவை சிதறிப் பெயரும். உள்நோக்கித் தள்ளினால் குறுக்குச்சட்டம் பின்னின்று தாங்கும். மூன்றாம் தள்ளலில், தூளாகவன்றிச் சீவலாகவே மரம் வந்தது. தொட்டால் பொடியும் மெல்லிய சீவல். வெட்டிய முகம் எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னியது. பழைய தேக்கின் மணம் கூடம் முழுதும் பரவியது.

"இதை மரத்திலேயே செய்துகொள்ளலாமே, இரும்பு எதற்கு?" என்று கேட்டார். சிறிது நேரம் அவரே எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆகாது, இவ்வளவு தாழ்வாக அறுத்தால் அலகின் கீழ் மரம் காகிதம் போலாகிவிடும், உடைந்துபோகும்" என்று தாமே விடையும் கூறினார். அது சரியான விடை. நான் நூலில் பல பக்கம் படித்து அறிந்ததை அவர் கையில் ஏந்திய சிறிது நேரத்தில் கண்டுகொண்டார்.

பிற்பாதி வேலையை என்னிடம் விட்டார். நான் தள்ளுகையில், "அழுத்தாதீர்கள், அலகு தானே போகும்" என்று மட்டும் இருமுறை சொன்னார். மாலைக்குள் நாணயத்தின் கனம் குறைந்தது. நான் பெயர்த்த பள்ளத்தில், அன்னையார் அலமாரியில் வைத்திருந்த சிலாம்பையே பசையிட்டு ஒட்டினார். பசை உலர்ந்தபின் மறுநாள் வந்து, உடைந்த கண்ணாடித் துண்டொன்றின் விளிம்பால் சுரண்டி மட்டமாக்கினார். அலகின் சாய்முகத்தை 38 பாகையாகத் தீட்டினால், 12-உம் சேர்ந்து 50 பாகையாகி, எதிர்நாரிலும் இக்கருவி பிய்க்காது என்று நான் படித்ததைச் சொன்னேன். "அப்படியானால் இன்னோர் அலகு வாங்கிக்கொள்ளுங்கள்; இதைத் தொடாதீர்கள்" என்றார். வாங்கிக்கொண்டேன்.

கதவை மாட்டியபின் அன்னையாரை அழைத்தோம். அவர் வழக்கம்போல் தோளைக் கொடுத்தார். கதவு தடையின்றி ஓடிச் சுவரில் மோதியது. அவரே திடுக்கிட்டு, "ஒரு விரல் போதும் போலிருக்கிறதே" என்றார். பழம்பொருள் வாணிகர் மீண்டும் ஒருமுறை வந்தார். திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்திச் சென்றார்.

ஒரு குறை மட்டும் உண்டு. பருக்காத ஓரத்தைப் பருத்ததாக எண்ணி நான் முதலில் சீவிய இடத்தில், கோடையில் மரம் சுருங்கும்போது இடைவெளி விழுகிறது. காலை வெயில் அதன் வழியே கூடத்தில் ஒரு கோடாக விழும், எறும்பும் வரும். ஆண்டுதோறும் பங்குனி பிறந்ததும் அன்னையார் அங்கே ஒரு பழந்துணியைச் செருகி வைக்கிறார், ஐப்பசியில் எடுத்துவிடுகிறார்.