பிடித்தவனும் பிடிக்க வைத்தவனும்

மதுரைச் சீமையில் 'பிடி' என்ற சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக மாடு பிடி. அந்த ஆரவாரம் அடங்கி ஊர்த் திருவிழாக்கள் தொடங்கினால், அறுவடையான வயல்களிலும் பொட்டல்களிலும் ஆள் பிடி. தாத்தாக்கள் சடுகுடு என்று சொன்ன விளையாட்டைப் பேரன்கள் கபடி என்கிறார்கள். பெயர் மாறியிருக்கிறது, விளக்கு வெளிச்சத்தில் புழுதி பறக்க, ஊரே கயிற்றுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துவது மட்டும் மாறவில்லை.

இந்த இரண்டு பிடிகளும் ஒரே மண்ணில் பிறந்தவை என்றாலும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. வாடிவாசலில் சீறி வரும் காளையை ஒரே ஆள்தான் தழுவ வேண்டும். வாலைத் தொடக்கூடாது, கொம்பைப் பற்றக்கூடாது. இரண்டு பேர் சேர்ந்து தொங்கினால் அது பிடியாகவே ஆகாது. அது தனி மனிதனின் வீரம். பரிசும் அவனுக்கே, தழும்பும் அவனுக்கே. கபடியிலோ, எதிரே பாடி வருகிறவன்தான் தனி ஆள். பிடிக்கிற பக்கத்தில் ஏழு பேர். அந்த ஏழு பேரும் ஒரே உடம்பாக நின்றால்தான் பிடி விழும்.

வேடிக்கை என்னவென்றால், நாம் இந்த இரண்டாவது விளையாட்டையும் முதல் விளையாட்டைப் பார்க்கிற கண்ணாலேயே பார்த்துப் பழகிவிட்டோம். காலைக் கவ்வியவன் யார் என்று தேடுகிறோம். அவன் பெயரை ஒலிபெருக்கி சொல்கிறது. அவனைத் தோளில் தூக்குகிறார்கள். மற்ற ஆறு பேர் மண்ணைத் தட்டிக்கொண்டு தம்தம் இடத்துக்குத் திரும்புகிறார்கள்.

வைகைக்கு வடக்கே ஒரு கிராமத்தில் இரவு ஆட்டம் பார்க்க உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். ஒரு நல்ல பிடி விழுந்தது. கூட்டம் எழுந்து குதித்தது. அவர் மட்டும் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"சார், புடிச்சவனத்தான் ஊரே பாக்குது. அதுக்கு முந்தி ரெண்டு எட்டு நகந்தான் பாருங்க ஒருத்தன், அவனப் பாருங்க. ஆட்டம் அங்கதான் முடிஞ்சுபோச்சு."

அன்று இரவு அவர் தம் கைத்தடியால் மண்ணில் கோடு கிழித்துக் கிழித்து எனக்குச் சொன்ன பாடத்தின் சாரத்தை இங்கே தருகிறேன். கபடி பார்த்திராத வாசகர்களுக்கும் அது விளங்கும்.

ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுவே ஒரு கோடு. ஆகவே ஒரு கட்சிக்குச் சொந்தமான நிலம் 6.5 மீட்டர் ஆழந்தான். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு கோடு. பாடி வருகிறவர் யாரையும் தொடாவிட்டாலும் அதையாவது தாண்டியே திரும்பவேண்டும். அதற்கு அப்பால் 1 மீட்டரில் போனஸ் கோடு. காக்கிற பக்கத்தில் ஆறு பேரோ ஏழு பேரோ இருக்கும்போது அதற்கு அப்பால் ஒரு காலை ஊன்றி, மறு காலை உயர்த்திவிட்டால் ஒரு புள்ளி. இவை அத்தனையும் 30 விநாடிக்குள் நடக்கவேண்டும்.

காக்கிற ஏழு பேர் வளைந்த வில்லைப் போல நிற்கிறார்கள். இரண்டு ஓரத்திலும் 'கார்னர்'கள். அவர்களுக்குப் பக்கத்தில் 'இன்' என்று சொல்லப்படுகிறவர்கள் இருவர். அதற்கு உள்ளே 'கவர்'கள் இருவர். நட்ட நடுவில் ஒருவர். பக்கத்துப் பக்கத்து ஆட்கள் கைகோத்துக்கொள்கிறார்கள். இதைச் 'செயின்' என்கிறார்கள். கைகோப்பது பாசத்தினால் அல்ல; இருவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி கூடாமலும் குறையாமலும் இருப்பதற்காக. எதிராளி திரும்பும்போது அந்தச் சங்கிலி கதவைப் போலச் சாத்திக்கொள்ளவேண்டும்.

இப்போது கார்னர்காரர் வந்தவரின் கணுக்காலைப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் அத்துடன் கதை முடிந்ததாக நினைக்கிறது. முடியவில்லை. பிடிபட்டவர் முன்னால் பாய்ந்து விழுந்து, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் பிழைத்தார். காலைப் பிடித்தவர்தான் வெளியே போகவேண்டும். அப்படிப் பாய முடியாதபடி வழியில் மார்பைக் கொடுத்து நிற்கிறவர் கவர். அவர் ஒரு முழம் பின்னால் நின்றிருந்தால், எவ்வளவு இரும்புப் பிடியானாலும் வீண். ஒரு முழம் முன்னால் வந்திருந்தால், அவரையே தொட்டுவிட்டுப் போயிருப்பார் எதிராளி. அந்த ஒரு முழத்தில் இருக்கிறது வித்தை.

அதைவிட நுட்பமான வித்தை ஒன்று உண்டு. பிடிக்காமலே பிடிப்பது. வளையம் குலையாமல், யாரும் அவசரப்பட்டுப் பாயாமல், எதிராளி இடப்பக்கம் வந்தால் எல்லோரும் ஓர் அடி நகர்ந்து, வலப்பக்கம் வந்தால் ஓர் அடி நகர்ந்து, தொடுவதற்கு ஒரு விரல்கூடக் கொடுக்காமல் நின்றால், விநாடிகள் கழிகின்றன. அவர் வெறுங்கையோடு திரும்புகிறார். அடுத்த முறையும் வெறுங்கை. இரண்டு முறை தொடர்ந்து வெறுங்கையோடு போன கட்சி மூன்றாவது முறை புள்ளி எடுத்தே தீரவேண்டும். இல்லாவிட்டால் போனவர் அவுட். ஆகவே மூன்றாவது ஆள், போகக்கூடாத இடத்துக்குப் போகிறார். நீட்டக்கூடாத காலை நீட்டுகிறார். கார்னர்காரர் குனிந்து அள்ளிக்கொள்கிறார். ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொல்கிறது. நியாயமாகப் பார்த்தால் அந்தக் காலைப் பிடித்துக் கொடுத்தது, முதல் இரண்டு முறையும் ஒன்றுமே செய்யாததுபோல் நின்ற ஏழு பேரின் பொறுமை.

கடல் கடந்த நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்கர்கள் தங்களுக்கென்று ஒரு கால்பந்து வைத்திருக்கிறார்கள். அதில் காலுக்குப் பெரும்பாலும் வேலை ஓடுவதுதான். பந்தைக் கையால் எறிகிறார்கள். எறிகிறவரை, எறிவதற்கு முன்னால் பாய்ந்து வீழ்த்துவது பெரிய சாதனை. யார் எத்தனை முறை வீழ்த்தினார் என்று அவர்களுடைய தேசிய லீக் 1982 முதல் அதிகாரபூர்வமாகக் கணக்கு வைக்கிறது. ஆனால் எறிகிறவர் ஏன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார்? பந்தை வாங்க வேண்டிய ஒவ்வொருவரையும் பின்வரிசைக் காவலர்கள் நிழல்போல ஒட்டிக்கொண்டு நின்றார்கள். எறிவதற்கு ஆள் இல்லை. முன்வரிசைக்காரருக்கு இரண்டு விநாடி கூடுதலாகக் கிடைத்தது; பாய்ந்தார்; புகழ் அவருக்கு. பின்வரிசைக்காரர்களுக்கு அந்தக் கணக்கில் ஒரு கட்டமும் இல்லை.

காவலின் அருமையை நமக்கு உணர்த்திய தோல்வி ஒன்றும் உண்டு. 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியானது முதல் 2014 வரை, ஏழு முறையும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்கே. 2018-ல் ஜகார்த்தாவில் அரையிறுதியிலேயே இரான் நம்மை 27-18 என்று வென்றது. நம்மிடம் பாடிப் போகிற சூரர்களுக்குப் பஞ்சம் இல்லை. அவர்கள் போய் முட்டிக்கொண்டது ஒரு வளையத்தில். ஃபசல் அத்ராச்சலி என்ற இடது கார்னரின் பிடியைப் பற்றி உலகமே பேசியது. அவருக்குப் பக்கத்தில் கைகோத்து நின்றவர்களின் பெயரைக் கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2023-ல் ஹாங்சோவில் அதே இரானை இறுதியாட்டத்தில் வென்று தங்கத்தை மீட்டுக்கொண்டோம் என்பது ஆறுதல்.

நம் ஊர்க் கதையும் சுவாரசியமானதுதான். 2022-ல் தமிழ் தலைவாஸ் அணி, பவன் செஹ்ராவத் என்ற பாடிப் போகும் வீரரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி. தொடர் முழுவதும் ஆடவில்லை. கப்பல் கவிழ்ந்தது என்றே பலரும் எண்ணினார்கள். அந்த ஆண்டுதான் அந்த அணி முதன்முதலாக அரையிறுதிக்குப் போனது. நரேந்தர் என்ற புதிய இளைஞர் பாடிப் போய்ப் புள்ளிகளைக் குவித்தார், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் அவர் மூச்சு வாங்கிக்கொள்ள இடம் கொடுத்தது, சாகர், சாகில் என்ற இரு இளம் கார்னர்களும் அவர்களுக்கு உட்புறம் நின்றவர்களும் கட்டிய வேலி.

தஞ்சைத் தரணியில் பிறந்த தர்மராஜ் சேரலாதனையும் இங்கே நினைத்துக்கொள்ளவேண்டும். 2016-ல் பாட்னா அணி கோப்பையை வென்றபோது அதன் தலைவர் அவர். அப்போது நாற்பதைக் கடந்திருந்தார். வட நாட்டுப் பிள்ளைகளும் அவரை 'அண்ணா' என்றே அழைத்தார்கள். பாய்ந்து ஓடுகிற கால் இருபது வயதுக்குச் சொந்தமாக இருக்கலாம்; எங்கே நிற்பது என்று அறிந்த கால் நாற்பதிலும் விலை போகும் என்பதற்கு அவரே சாட்சி.

இதெல்லாம் விளையாட்டுப் பேச்சுத்தானே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது.

மேலூர்ப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. தகப்பனாருக்கு டீக்கடை. மகன் கபடியில் கவர். நம் பக்கத்துக் கிராமங்களில் கபடி என்பது பொழுதுபோக்கு மட்டும் அல்ல. போலீஸ், ரயில்வே, வங்கி என்று விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கும் வேலைகளுக்கு அது ஒரு வாசல். அப்படி ஒரு தேர்வுக்குப் பையன் போனான். அரை நாள் ஆட்டம். அவன் வழி மறித்து நின்றதால் அவன் பக்கத்துக் கார்னருக்கு நான்கு பிடி விழுந்தது. ஏட்டில் அந்தப் பையனுக்கு நான்கு; இவனுக்குச் சைபர். கார்னர் தேர்வானான். இவன் பஸ் ஏறி ஊருக்கு வந்தான்.

"எத்தன பேரடா புடிச்ச?" என்றார் தகப்பனார்.

"ஒண்ணும் இல்லப்பா."

அடுத்து வந்த ஊர்ப் போட்டியில் பையன் தன் இடத்தை விட்டு இரண்டு மூன்று முறை தானே பாய்ந்தான். ஒரு பிடி விழுந்தது. மற்ற முறைகளில் வளையம் உடைந்து, எதிராளி இரண்டு இரண்டு பேராகத் தொட்டுக்கொண்டு போனார். கட்சி தோற்றது.

"ஒருத்தனப் புடிச்சேன்ப்பா. ஆனா தோத்துட்டோம்."

"போகட்டும்டா. ஒண்ணாச்சும் புடிச்சியே" என்றார் தகப்பனார், கண்ணாடித் தம்ளரைக் கழுவியபடியே.

அந்தத் தகப்பனாரை நான் குறை சொல்லமாட்டேன். மகன் தோற்கவேண்டும் என்று அவர் விரும்பவில்லை. எந்தக் கணக்கைப் பார்த்து உலகம் சோறு போடுகிறது என்று அவருக்குத் தெரியும். கணக்கு எப்படியோ, ஆட்டமும் அப்படியே ஆகிவிடும். பிடித்தவனுக்கு மட்டும் புள்ளி எழுதினால், ஏழு பேரும் பிடிக்கவே பாய்வார்கள். ஏழு பேரும் பாய்கிற கட்சியில் ஒரு பிடியும் விழாது.

சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானவர்கள். ஆனால் வீதி முனையில் அந்த மலையைத் திருப்புகிறவர்கள் வடம் பிடிக்கிறவர்கள் அல்ல. சக்கரத்தடியில் குனிந்து கட்டை போடுகிறவர்கள். அவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. கட்டை ஒரு சாண் தவறினால் தேர் கடைக்குள் புகுந்துவிடும். ஊர் இதை அறிந்திருக்கிறது. அதனால்தான் அந்த வேலையைக் கை தேர்ந்தவர்களிடம் மட்டுமே விடுகிறது. தேருக்குத் தெரிந்த நியாயம் தேர்வுக்குத் தெரியாமல் இருப்பானேன்?

செய்யவேண்டியது பெரிய காரியமும் அல்ல. அரை நாளில் பிடிகளை எண்ணுவதற்குப் பதிலாக, ஒரு பையன் களத்தில் நிற்கும்போது எதிரிகள் எத்தனை முறை வெறுங்கையோடு திரும்பினார்கள், அவன் வெளியே உட்கார்ந்திருந்தபோது எத்தனை முறை புள்ளியோடு திரும்பினார்கள் என்று எழுதிப் பார்க்கலாம். ஒரு பென்சிலும் இரண்டு கட்டங்களும் போதும்.

'எத்தனை பேரைப் பிடித்தாய்?' என்று கேட்காமல், 'உன்னைத் தாண்ட முடியாமல் எத்தனை பேர் திரும்பினார்கள்?' என்று மகனிடம் கேளுங்கள் என அந்த டீக்கடைக்காரரிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அதை முதலில் சொல்லவேண்டியது வேலை கொடுக்கிறவர்களிடம். அவர்கள் ஏட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் விழுகிற வரையில், தகப்பனார் கேட்கிற கேள்விதான் நியாயமான கேள்வி.